நாடி திரும்பிய ஒரு நிமிஷம்

மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். ஆம்புலன்ஸின் முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, ஊரையே மூடிக் கிடந்த பனிமூட்டத்தை வேடிக்கை பார்த்தபடி வந்தான். இடுப்புக்குக் கீழே ஆளே கிடையாது. ரப்பர் தோல், பிளாஸ்டிக் விலா, நெஞ்சுக்குள்ளே ஒரு ஸ்பிரிங். சரியான ஆழத்துக்கு அமுக்கினால் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற மறுபயிற்சி வகுப்பில் இருபது பேர் மாறி மாறி மண்டியிட்டுச் சேவகம் செய்ய, அவன் பாட்டுக்கு மல்லாந்து கிடப்பான். அதனால் யாரோ வைத்த பெயர் மாப்பிள்ளை. பொருத்தமான பெயர்தான்.

அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கியவளைத் தெருவில் எல்லோரும் வண்டியக்கா என்பார்கள். பதினாறு வருஷமாக ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து போகிறவள். வண்டியை ஓட்டுகிறவர் பிரேக்கு அண்ணன். பிரேக்கைத் தொடவே மாட்டார் என்பதால் வந்த பட்டம் அது. அன்றைக்குப் பனியில் அவரே ஊர்ந்துதான் வந்திருந்தார்.

“பாத்து இறக்கும்மா. தலை இடிச்சிரப் போகுது.”

“பொம்மைதாண்ணே.”

“பொம்மைன்னா? கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன். ஒரு கீறல் விழுந்தாலும் ஸ்டோர்காரன் என்னை உரிச்சு உப்பு தடவிருவான்.”

கதவைத் திறந்த மாமியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

“யாரும்மா இது?”

“மாப்பிள்ளை, அத்தை. வெள்ளிக்கிழமை வரைக்கும் நம்ம வீட்டுலதான்.”

“கால் எங்க?”

“கால் கிடையாது.”

“அதுவும் நல்லதுதான். கோவிச்சுக்கிட்டு வீட்டைவிட்டுப் போக மாட்டான்.”

வண்டியக்காவுக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம் அது. வரவில்லை. பொம்மையைச் சமையலறை பெஞ்சின் மேல் கிடத்திவிட்டு, கைகழுவப் போனவள் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

அன்று காலை நடந்தது இதுதான். வகுப்பு நடக்கிற கூடம், ஆம்புலன்ஸ்கள் நிற்கிற கொட்டகைக்கு மேல் மாடியில் இருந்தது. நீல மெத்தை விரிப்புகள், ஸ்பிரிட் வாசனை, பனி அப்பிக்கொண்டு பால்வெள்ளையாகிப் போன ஜன்னல்கள். சொல்லிக்கொடுக்க வந்தவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள். வண்டியக்காவைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். எதைச் சொன்னாலும் பத்து செகண்டில் கொண்டுவந்து முடிப்பாள். அதனால் முதல் நாளே அவளுக்குப் பத்து செகண்டு என்று பெயர் விழுந்துவிட்டது.

வண்டியக்காவின் முறை வந்தது. அமுக்குவதில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. முப்பது அமுக்கு, இரண்டு மூச்சு, மறுபடி முப்பது. மாப்பிள்ளையின் நெஞ்சு டக், டக் என்று பிசிறில்லாமல் பேசியது. இரண்டு நிமிஷம் ஆனதும் பத்து செகண்டு, “நாடி பாருங்கக்கா” என்றாள். வண்டியக்கா மாப்பிள்ளையின் கழுத்தோரம் இரண்டு விரலை வைத்தாள்.

“இருக்கு.”

“நல்லாப் பாருங்க.”

“இருக்கு மேடம். நல்லாவே துடிக்குது.”

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். பத்து செகண்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். மாப்பிள்ளைக்கு நாடி வேண்டுமென்றால் அவள்தான் ஒரு ரப்பர் குமிழை அமுக்க வேண்டும். குமிழ் ஜன்னல் விளிம்பில், டீ கப்புக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது.

“அப்ப நான் பாத்தது?”

“உங்க நாடிதான். மூச்சு முட்ட அமுக்கினீங்கல்ல, உங்க இதயம் தடதடன்னு அடிக்கும். அந்தத் துடிப்பு விரல் நுனி வரைக்கும் வரும். நாடி வந்துராதான்னு தவிச்சுக்கிட்டு இருந்தா இன்னும் நல்லாத் தெரியும். இது எல்லாருக்கும் நடக்கிறதுதான்க்கா. அதுக்குத்தான் பத்து செகண்டு. அதுக்குள்ள உறுதியாத் தெரியலன்னா, தெரியலன்னு சொல்லிட்டு அமுக்க ஆரம்பிச்சிரணும். கையை எடுத்து வெச்சுக்கிட்டு யோசிக்கிற ஒவ்வொரு செகண்டும் அவங்களுக்கு நஷ்டம்.”

மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வண்டியக்கா மாப்பிள்ளையின் கழுத்தில் இருந்த விரலை எடுக்கவில்லை. இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

பதினொரு மாசத்துக்கு முன்னால் மாமனார் விழுந்தது வீட்டில் இதே சமையலறையில்தான். மருமகளுக்கு அன்று விடுமுறை. மாமியார் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலி உருண்ட சத்தம் கேட்டு ஓடிவந்த வண்டியக்கா மேஜையை ஒரு இழுப்பில் தள்ளிவிட்டு, தரையில் கிடந்த மாமனாரின் நெஞ்சில் கையை வைத்தாள். கொல்லையிலிருந்து ஓடிவந்த மாமியார் போன் போட்டாள். வண்டி வர எத்தனை நேரமாகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? தனி ஆளாக ஆறு நிமிஷம் அமுக்கினாள். தோள் கழன்று போகிற மாதிரி இருந்தது. அப்புறம் கழுத்தில் விரலை வைத்தாள். துடித்தது.

“வந்திருச்சு! அத்தை, நாடி வந்திருச்சு!”

அமுக்குவதை நிறுத்தினாள். மாமியார் ஈரக்கையோடு வந்து மண்டியிட்டுப் புருஷனின் காதில் குனிந்தாள். அவர்களுக்குள் மூன்று நாளாகப் பேச்சு இல்லை. விருந்தாளி முன்னால், “இவரைவிட இப்ப என் புள்ள போடுற ரொட்டிதான் நல்லாயிருக்கு” என்று மாமியார் சொல்லிவிட்டாள். நாற்பது வருஷம் ரொட்டிக்கடை அடுப்பு முன்னால் வெந்தவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றிலிருந்து தன் டீயைத் தானே போட்டுக்கொண்டு, கிளாஸை ணங்கென்று வைத்துக்கொண்டு திரிந்தார்.

“என் மேல இருந்த கோவம் போயிருச்சா? போயிருச்சுன்னு சொல்லுங்க. ஏங்க, போயிருச்சா?” என்று கேட்டாள் மாமியார்.

அந்தக் கணம் வண்டியக்காவின் விரலுக்கடியில் நாடி துள்ளியது.

“துள்ளுது அத்தை! நீங்க பேசுறது கேக்குது அவருக்கு!”

ஒரு நிமிஷம் இருக்கும். பிரேக்கு அண்ணன் வண்டியோடு வந்து, நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்தபோது திரையில் ஒன்றுமில்லை. நேர்க்கோடு. “இப்பத்தாண்ணே இருந்துச்சு” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுபடியும் அமுக்கினார்கள். போனவர் போனவர்தான்.

அந்த ஒரு நிமிஷம்தான் அதற்குப் பிறகு அந்த வீட்டின் சொத்து. துக்கம் கேட்க வந்தவர்கள், வாடகை கேட்க வந்தவர், மின்சார மீட்டர் பார்க்க வந்தவன், எல்லோருக்கும் மாமியார் அதைச் சொல்லியிருக்கிறாள். “போனவரு ஒரு நிமிஷம் திரும்பி வந்தாரு. எனக்குப் பதில் சொல்லிட்டுத்தான் போனாரு. எம் மருமக கைக்குள்ள கொண்டுவந்து குடுத்தா.” சொல்லும்போது அவள் முகம் தெளிந்துவிடும். அதைப் பார்த்து வண்டியக்காவுக்கும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. சாகிறவர்களை எண்ண முடியாத வேலை அவளுடையது. ஒருவரையாவது ஒரு நிமிஷம் இழுத்து நிறுத்தினோம் என்பது சின்ன விஷயமா?

வெள்ளிக்கிழமை மறுபடி பரீட்சை. அதிலும் பொம்மைக்கு நாடி இருக்கிறது என்று சொன்னால், வண்டியிலிருந்து இறக்கி டெலிபோன் மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள். வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள் என்று பத்து செகண்டுதான் மாப்பிள்ளையைக் கொடுத்தனுப்பினாள். வகுப்புக்கு வேறு பொம்மை இருந்தது. குமிழைக் கொடுக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பனி விலகவே இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் தெருவிளக்குகள் எரிந்தன. எதிர்வீடு காணாமல் போயிருந்தது; அந்த வீட்டு நாயின் குரைப்பு மட்டும் எங்கிருந்தோ வந்தது. வண்டியக்கா வகுப்பு முடிந்து வந்ததும் பெஞ்சிலிருந்து மாப்பிள்ளையைத் தரையில் இறக்கி அமுக்க ஆரம்பிப்பாள். டக், டக், டக். சில நேரம் எண்ணிக்கை அவளிடமிருந்து கழன்று வீட்டுக்குள் உலாவப் போய்விடும். துவைக்கும் இயந்திரம் முப்பது எண்ணிற்று. குழாய் இரண்டு சொட்டு சொட்டியது. மாமியார் உருளைக்கிழங்கு நறுக்கும் கத்தியும் பலகையில் அதே தாளத்தில் இறங்கியது. தூங்கும்போதுகூட அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். கனவில் யாருடைய நெஞ்சு என்று தெரியாத ஒரு நெஞ்சு, மாவு மாதிரி அமுங்கி மாவு மாதிரி எழுந்தது.

ஆனால் கழுத்துக்குக் கை போகவில்லை. முப்பது, இரண்டு, முப்பது, இரண்டு என்று சரியாக வந்து, நாடி பார்க்க வேண்டிய இடத்தில் சூடான தட்டைத் தொட்டவள் போல விரலை இழுத்துக்கொள்வாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

மாமியாருக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போனது. பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? காலையில் ஈரத்துணியால் முகம் துடைத்துவிட்டாள். குளிருகிறதென்று பழைய போர்வையைக் கழுத்து வரை போர்த்தினாள்.

“நல்லாக் கேட்டுக்கிறான்மா. குறுக்க பேசுறதில்ல. நம்ம வீட்டு ஆம்பளைங்க யாரும் இப்படி இருந்ததில்ல.”

புதன்கிழமை வகுப்பில் பத்து செகண்டு எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னாள். பார்வைப் பயிற்சியாம்.

“உங்களால மறக்க முடியாத ஒரு கேஸை எடுத்துக்குங்க. கதவைத் திறந்து உள்ள போறீங்க. ஆளைப் பாக்காதீங்க. அறையைப் பாருங்க. ஆள் சொல்லாததை அறை சொல்லும். என்னென்ன இருக்கு? வாய்விட்டுச் சொல்லுங்க.”

இருபது பேர் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார்கள். மாத்திரை அட்டை. கிழிந்த பாய். எரிகிற டிவி. மீன் தொட்டி. வெளியே பனி, உள்ளே அந்த முணுமுணுப்பு. வண்டியக்கா தன் வீட்டுச் சமையலறைக்குள் போனாள். ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. நாற்காலி ஒருக்களித்துக் கிடந்தது. குழாய் சொட்டியது. மேஜையை இழுத்ததில் டீ தளும்பி வழிந்திருந்தது.

“ரெண்டு கிளாஸ்” என்றாள்.

அதற்கு மேல் போக முடியவில்லை. தரையில் யார் கிடக்கிறார் என்று தெரியும். கண்ணைத் திறந்துவிட்டாள். வகுப்பு கலையும்போது பத்து செகண்டிடம் தனியாகப் போய்க் கேட்டாள்.

“ஒரு நிமிஷம் நிறுத்திட்டா, மேடம்... அதனாலதான் போயிருப்பாங்களா?”

சின்னவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். யார் என்ன என்று எதுவும் கேட்கவில்லை.

“தெரியாதுக்கா. நிறுத்தாம இருந்தாலும் முக்கால்வாசிப் பேர் பிழைக்கிறதில்ல. இல்லவே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். யாராலயும் சொல்ல முடியாது.”

வீட்டுக்கு வந்தபோது புருஷன் ரொட்டிக்கடையிலிருந்து திரும்பி, முழங்கை வரை மாவோடு வாசல்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். விடியுமுன் போய் மத்தியானம் வந்து தூங்குகிறவர். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“அப்பா வரவே இல்லைங்கிறியா?”

“வரலங்க. அது என் நாடி.”

“நெசமாவா?”

“பொம்மைக்கே இருக்குன்னு சொன்னேங்க.”

அவர் ஷூவைக் கீழே வைத்தார். கண்ணைப் புறங்கையால் தேய்த்ததில் இமையெல்லாம் மாவு.

“நீ என்ன பண்ணுவ. ஒத்தை ஆளா எவ்வளவு நேரம்தான் அமுக்குவ. உன்னை நான் ஒண்ணும் சொல்லல.” அடுத்த ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். “அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத.”

“எப்படிங்க சொல்லாம இருக்கிறது? தினமும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. நான் தலையாட்டிக்கிட்டு நிக்கணுமா?”

“ஆட்டு. தலைதானே, தேஞ்சா போயிரும்? அந்த ஒரு நிமிஷத்தை வெச்சுத்தான் அவங்க சாப்பிடுறாங்க, தூங்குறாங்க. அதைப் புடுங்கிட்டு என்னத்தைக் குடுப்ப?”

தருவதற்கு அவளிடம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைப் பரீட்சையில் அவள் தேறிவிட்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். கழுத்தில் விரலை வைத்து, பத்தே செகண்டு பார்த்து, “தெரியல” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அமுக்க ஆரம்பித்தாள். அதுதான் சரியான பதில். ஆனால் அவளுடைய பரீட்சை அதற்கு முந்தின நாள் வீட்டிலேயே முடிந்துவிட்டிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம். புருஷன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வண்டியக்கா முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் கொல்லைக்கும் சமையலறைக்கும் நாலு நடை நடந்து, காயாத துணிகளை வாரிக்கொண்டு வந்து நாற்காலி முதுகுகளில் விரித்துவிட்டு, மூச்சு வாங்க பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, மருமகள் செய்வதைப் பார்த்திருந்தவள் ஆயிற்றே, இரண்டு விரலை அவன் கழுத்தோரம் அழுத்தி வைத்தாள்.

“இந்தா!” என்றாள். “துடிக்குதும்மா!”

வண்டியக்காவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

“நெசம்மா. வந்து பாரேன். டொக்கு டொக்குங்குது. இத்தனை நாள் சும்மா கெடந்தானே. பேட்டரி கீட்டரி வெச்சிருக்காங்களா இதுக்குள்ள?”

ஆமாம் அத்தை, பேட்டரி. மூன்றே வார்த்தை. சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அன்றைக்கு ராச்சாப்பாடு எப்போதும் போல நடந்திருக்கும். வண்டியக்கா அடுப்பை அணைத்தாள்.

“இல்ல அத்தை. பேட்டரி இல்ல.”

“பின்ன?”

“அது உங்க நாடி. நடந்துட்டு வந்து உக்காந்தீங்கல்ல. உங்க விரல்ல துடிக்குது.”

மாமியார் விரலை எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். எடுத்தாள். தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி பொம்மையின் கழுத்தில் வைத்தாள். நாற்பது வருஷம் ரொட்டிக்கடையில் அளந்தும் எண்ணியும் பழகியவள். ஒன்றோடு ஒன்றைச் சேர்க்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெல்லத் தலையைத் தூக்கினாள்.

“அன்னிக்கு...?”

“என் நாடி அத்தை. அவருக்கு வரல. நான் நிறுத்தியிருக்கக் கூடாது. ஒரு நிமிஷம் கையை எடுத்துட்டேன். திங்கக்கிழமைதான் எனக்கே தெரிஞ்சுது.”

மாமியார் எழுந்தாள். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். பனி அவளை நாலே எட்டில் விழுங்கிவிட்டது. வண்டியக்கா போகவா வேண்டாமா என்று தெரியாமல் கொல்லைப்படியில் நின்றாள். உயிரே போகிற அளவுக்குப் பயமாக இருந்தது அவளுக்கு. எத்தனை வீட்டுக் கதவைத் தட்டி எத்தனை பேரிடம் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். ஒரு வீட்டிலும் இப்படி நின்றதில்லை.

வெகுநேரம் கழித்து மாமியார் வந்தாள். தலைமுடியெல்லாம் பனித்துளி.

“அப்ப நான் யாரைடி கேட்டேன்?”

“அத்தை...”

“கோவம் போயிருச்சான்னு கேட்டேனே. துள்ளுதுன்னு சொன்னியே. பதினோரு மாசமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேனே. யாரைக் கேட்டேன் நான்?”

“என்னை அத்தை. எனக்குத்தான் கேட்டுச்சு. நீங்க கேட்டதும் எனக்குத்தான் துள்ளுச்சு.”

“உன்னை எதுக்குடி நான் கேக்கணும்? உனக்கா கோவம்? அவருக்குக் கோவம். மூணு நாள் என் முகத்தைப் பாக்கல அந்த மனுஷன். கோவத்தோடவே போயிட்டாரு. அவ்வளவுதானே? அதைத்தானே சொல்ற?”

உள்ளே புருஷன் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. வண்டியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மாமியாரின் முகத்தைப் பார்க்க முடியாமல் சமையலறையைப் பார்த்தாள். ஜன்னலில் ஆவி. சொட்டுகிற குழாய். மேஜை. ஆளைப் பாக்காதீங்க, அறையைப் பாருங்க.

“அத்தை,” என்றாள். “அன்னிக்கு ரெண்டு கிளாஸ் இருந்துச்சு.”

“என்ன கிளாஸ்?”

“இந்த மேஜையில. நான் இழுத்தப்ப தளும்பிச்சு. மூணு நாளா மாமா தனக்கு மட்டும்தானே டீ போட்டுக்கிட்டாரு? அன்னிக்கு ரெண்டு கிளாஸ். ரெண்டும் சூடா இருந்துச்சு, என் கையில பட்டுச்சு.”

“உனக்குப் போட்டிருப்பாரு.”

“எனக்கு ரெண்டு ஸ்பூன் வேணும். மாமாவுக்கு மூணு. மறுநாள் நான்தான் அதைக் கழுவினேன். ஒண்ணுல அடியில சர்க்கரை கெட்டியா உறைஞ்சு கெடந்துச்சு, சுரண்டி எடுத்தேன். இன்னொண்ணுல ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருந்துச்சு. இந்த வீட்டுல சர்க்கரை இல்லாமக் குடிக்கிறது நீங்க ஒருத்தர்தான்.”

மாமியார் மேஜையைப் பார்த்தாள். அதில் இப்போது ஈரத் துண்டு ஒன்றும் உப்புச் சாடியும் இருந்தன. சாடியை ஓரமாக நகர்த்தி வைத்தாள். அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

“எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“கொல்லைக்கதவுப் பக்கம் ஒண்ணு. அவரு நாற்காலிப் பக்கம் ஒண்ணு. சர்க்கரை இல்லாதது கதவுப் பக்கம்.”

“என்னைக் கூப்பிட வந்திருப்பாரோ?”

“தெரியல அத்தை,” என்றாள் வண்டியக்கா. அது அவளுக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் மறுபடியும் சொன்னாள். “கதவுப் பக்கம் இருந்துச்சு.”

மாமியார் அந்தப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இழவு வீட்டிலும் அழாதவள், எல்லோருக்கும் அந்த ஒரு நிமிஷத்தைச் சொல்லிச் சொல்லிக் கண்ணீரைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவள். உதடு கோணிக்கொண்டு வந்தது.

“எதுக்குடி கழுவின?” என்றாள். “எனக்குப் போட்ட டீய எதுக்குடி கழுவி ஊத்தின?”

வண்டியக்கா அவளருகில் தரையில் மண்டியிட்டாள். மாமியார் மேஜையில் தலையைச் சாய்த்து, பதினொரு மாசத்து அழுகையையும் சேர்த்து அழ ஆரம்பித்தாள். அறைக்கதவில் வந்து நின்ற மகன், என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டார். அவள் கையைக் காட்டி அவரை அங்கேயே நிற்கச் சொன்னாள். அழுது முடிக்கட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். யாரும் எண்ணவில்லை.